ஊசி நடுவில் நிற்கட்டும்

வீரமணி பழைய தெர்மோஸ்டாட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். உலோகமே தெரியாத அளவுக்கு உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

"இது தொறக்கவே இல்லம்மா. இஞ்சின் சூடானா இது தொறந்து தண்ணிய ரேடியேட்டருக்கு அனுப்பணும். இது மூடிக்கினே உக்காந்துகினு இருந்திருக்குது."

கலைச்செல்வி அதை வாங்கி நகத்தால் சுரண்டினாள். போன வாரம் சீயமங்கலத்திலிருந்து திரும்பும்போது கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. வழியில் ஆளில்லை. கணவன் வளவன் பைக்கில் வந்து சேரும்வரை சாலையோரத்தில் தனியாக நின்றாள். சீயமங்கலம் துணை சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். வேலை முடிகிற நேரத்துக்குப் பஸ் கிடையாது. கார் இல்லையென்றால் மாற்றல் கேட்க வேண்டும். கேட்க அவளுக்கு மனமில்லை.

வளவன் வீரமணியின் மெக்கானிக் ஷெட் வாசலில், கவிழ்த்த டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தான். வல்லம் பக்கத்து நிலங்களில் மோட்டார் இறக்குவதும் பைப் லைன் போடுவதும் அவன் தொழில். அன்று போகவில்லை. அனந்தபுரத்து ராஜாங்கம் சாயங்காலம் காரை வாங்கிக்கொள்ள வருகிறார். வரச் சொன்னது வளவன்தான்.

காலையில் கணவனும் மனைவியும் பேசி முடித்தது இவ்வளவுதான். புதிய தெர்மோஸ்டாட் போட்ட பிறகு வல்லம் வரை போய்த் திரும்ப வேண்டும். இஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி நடுவில் நின்றால் கார் இருக்கும். ஏறினால் ராஜாங்கம் ஓட்டிக்கொண்டு போவார்.

"நான் சொல்றத கேளு தங்கச்சி. இது இல்லாமலே மாட்டிடறேன்" என்றான் வீரமணி. அவளுக்குப் பெரியப்பா மகன். "செஞ்சி வெயிலுக்கு இது இன்னாத்துக்கு? இந்த ஊர்ல பாதி வண்டில இத தூக்கிப் போட்டது நான்தான்."

"வேணாம்ணா. புதுசு வாங்கியாந்துட்டேன் இல்ல, மாட்டு. கூலன்டும் இருக்குது. போர் தண்ணி ஊத்திடாத."

"நர்ஸம்மா வண்டிக்கும் குளுக்கோஸ்தான் ஏத்துவாங்க" என்றான் வீரமணி, வளவனைப் பார்த்து.

வளவன் சிரிக்கவில்லை.

வீரமணி புதியதை மாட்டினான். ரப்பர் வளையத்தைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தான். போல்ட்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினான். ஷெட்டுக்குப் பின்னால் தரை பாறையாக மேலேறும். மூவரும் காரைத் தள்ளி, முன்பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்தினார்கள். சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். குழாய்களுக்குள் காற்று தங்கினால் தண்ணீர் ஓடாது; காற்று எப்போதும் மேலே வரும். ரேடியேட்டரின் வாய்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும்.

கலைச்செல்வி புனலைப் பிடித்தாள். பச்சைக் கூலன்ட் மெதுவாக இறங்கியது. நின்றது. ஒரு குமிழ் வந்தது. மறுபடி இறங்கியது.

மூடியைப் போடாமல் இஞ்சினை ஓடவிட்டார்கள். குமிழ்கள் வந்தன. குறையக் குறைய அவள் ஊற்றினாள். குமிழ்கள் நின்றதும் வீரமணி மூடியைத் திருகினான்.

"அவ்ளோதான். இனிமே பாரு."

ஊசி எழுந்தது. நடுவுக்கு வந்தது. அங்கே நிற்காமல் ஏறியது.

வீரமணி சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினான்.

"சொன்னேன் இல்ல? கழட்டிப் போட்டுடலாம்."

கலைச்செல்வி ரேடியேட்டர் மூடியின் பக்கம் கை நீட்டினாள்.

"தொடாத" என்றான் வளவன். "ஆறட்டும்."

டீ வந்தது. அவள் பாறையின் நிழலில் உட்கார்ந்து குடித்தாள். எதிரே ராஜகிரிக் கோட்டை மலை வெயிலில் வெளுத்திருந்தது. வளவனின் போன் அடித்தது. ராஜாங்கம். "வாங்கண்ணா, வண்டி இங்கதான் இருக்குது" என்று சொல்லி வைத்தான். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாற்றல் கேட்டா எங்க போடுவாங்க?" என்றான்.

"தெரியாது."

"பஸ் போற ஊரா கேளு."

"கேக்கறேன்."

அவன் எழுந்து காரிடம் போனான். பானெட்டுக்குள் குனிந்து குழாய்களைப் பார்த்தான். மேல் குழாயை விரல் நுனியால் தொட்டு எடுத்தான். சூடு. பின்னால் இரண்டு சின்னக் குழாய்கள் இஞ்சினிலிருந்து காருக்குள் போயின. ஒன்று சூடாக இருந்தது. மற்றது இல்லை. அவன் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் இவனைப் பார்க்கவில்லை.

"மச்சான், இந்த ரெண்டு பைப்பும் எங்க போவுது?"

"அது ஹீட்டருக்கு. குளிருக்குப் போடறது. இந்த ஊர்ல யாரு போடறாங்க?"

"புது லைன்ல தண்ணி வுடும்போது கடைசி வால்வத் தொறந்து வெச்சிட்டுதான் வுடுவோம். ஒரு கிளை மூடியிருந்தாலும் காத்து அதுல போய் உக்காந்துக்கும். இதுக்கு வால்வு எங்க இருக்குது?"

வீரமணி உள்ளே எட்டி டேஷ்போர்டைப் பார்த்தான். ஹீட்டர் வால்வைத் திறக்கிற, நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும் ஒரு திருகுபிடி. இத்தனை வருடமும் நீலத்திலேயே இருந்தது. திருப்பினான். நகரவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்துத் திருப்பியதும் கிரீச்சென்று சிவப்புக்குப் போனது.

"ஊருக்கு ஏத்த மெக்கானிக்கு" என்றான் வளவன்.

"போய்யா" என்றான் வீரமணி.

இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து, மறுபடி ஓடவிட்டார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ரேடியேட்டரின் வாயில் பெரிய குமிழ் ஒன்று வெடித்தது. மட்டம் சரசரவென்று இறங்கியது. கலைச்செல்வி ஊற்றினாள். இறங்கியது. ஊற்றினாள். கேனில் மிச்சமிருந்ததில் பாதிக்குமேல் உள்ளே போயிற்று. வளவன் அந்தச் சின்னக் குழாயைத் தொட்டான். கையைச் சட்டென்று எடுத்தான்.

"வல்லம் வரைக்கும் ஹீட்டர் ஓடட்டும்" என்றான் வீரமணி. "மிச்சக் காத்தும் வந்துடும். வந்ததும் ஆற வெச்சி மட்டத்தப் பாருங்க."

அவள் ஓட்டினாள். வளவன் பக்கத்தில் உட்கார்ந்தான். மே மாத வெயில். கண்ணாடிகள் எல்லாம் இறங்கியிருந்தன. காலடியில் அனல் வீசியது. எதிரே வந்த லாரிக்காரன் இருவரின் முகத்தையும் பார்த்துக்கொண்டே போனான்.

வல்லத்தில் திருப்பினாள். இருவரும் ஊசியைத்தான் பார்த்தார்கள். ஊசி நடுவில் நின்றது.

செஞ்சிக்குத் திரும்பும் வழியில் போன் அடித்தது. வளவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

"அண்ணா, கெளம்பிட்டீங்களா... இல்லண்ணா, வராதீங்க. கொடுக்கல... நல்லாத்தான் ஓடுது. வூட்ல ஓட்டறாங்க."

வைத்துவிட்டு வெளியே பார்த்தான். கலைச்செல்வியின் கை ஹீட்டர் திருகுபிடிக்குப் போனது.

"இருக்கட்டும்" என்றான். "காத்து போவட்டும்."