உருளைக்கிழங்கு போட்ட அடோபோ

"உருளைக்கிழங்கும் போடு. மூணு நாலு முட்டையும் அவிச்சுப் போட்டுடு" என்றான் ருஃபீனோ, கண்ணாடி முன்னால் நின்று மீசையைக் கத்தரித்தபடி.

நெனித்தா அடுப்படியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். "எதுல?"

"அடோபோலதான். வேற எதுல?"

"கப்பலுக்குக் கொண்டு போறதுலயா?"

"கப்பலுக்குத்தான். அதுக்கென்ன இப்ப? அப்புறம் மஞ்சள் போடாதே. சோயா ஊத்திடு. மஞ்சமஞ்சேன்னு இருந்தா கூட இருக்கறவனுங்க கேலி பண்றானுங்க."

மஞ்சள் போடாத அடோபோக் கறியைப் பாவான் ஊரில் நோயாளிகூடத் தொடமாட்டான். சரி, மஞ்சள் போகட்டும், மணிலாக்காரர்கள் நடுவில் இருக்கிறவனுக்கு மணிலா ருசி ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். உருளைக்கிழங்கை என்ன செய்வது?

பாவானில் வீட்டுக்கு ஒருவன் கடலில் இருப்பான். அவனுக்கு அடோபோ கட்டிக் கொடுக்கத் தெரியாதவளை அந்த ஊரில் யாரும் பொருட்டாகவே மதிப்பதில்லை. பன்றியின் வயிற்றுக் கறியைத் தோலும் கொழுப்புமாகப் பெரிய துண்டு போட்டு, பூண்டும் மிளகும் பிரிஞ்சி இலையும் சேர்த்துத் தென்னங்கள்ளுக் காடியில் வேகவிட வேண்டும். தண்ணீர் வற்றி, கறி தன் கொழுப்பிலேயே பொரிந்த பிறகு ஆறவைத்து, அந்தக் கொழுப்போடு பாட்டிலில் அடைத்தால் ஒரு மாதம் கிடக்கும். பிரேசிலில் போய்க் கப்பல் ஏறினாலும் கெடாது. அதில் உருளைக்கிழங்கைப் போட்டால் கதை முடிந்தது. காலையில் செய்தது மறுநாள் விடிவதற்குள் நூல் விட்டுவிடும். பாவானில் மூக்கொழுகும் சிறுமிக்குக்கூட இது தெரியும்.

ருஃபீனோவுக்குத் தெரியவில்லை. கப்பல் எஞ்சின் இருமினால் எந்த உறுப்பில் கோளாறு என்று தூக்கத்திலேயே சொல்லிவிடுவான். அடோபோ அவனுக்குத் தட்டில் வந்து விழுகிற பொருள், அவ்வளவுதான். பொய் சொல்ல நினைக்கிறவன் அடுப்படியைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நெனித்தா நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். பாசிங் குட்டை முக்காலியில் உட்கார்ந்து பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டவள். வாய் மட்டும் நாலு மாமியாருக்குச் சமம். போன திருவிழாவில் பாதிரியாரின் சமையல்காரியையே, "பயணத்துக்குக் கட்டற அடோபோல கிழங்கு போடுவாளா ஒருத்தி? உன்னை எவ வளர்த்தா?" என்று ஊர் பார்க்கக் கிழித்துத் தோரணம் கட்டியவள். இப்போது குனிந்த தலை நிமிரவில்லை. இருந்த பூண்டெல்லாம் கூழாகிவிட்டது, இன்னும் நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாசிங், உன் அண்ணன் சொன்னது காதுல விழுந்துதா?"

"எந்த அண்ணன்?"

"உனக்கு எத்தனை அண்ணன்டி இருக்கான்?"

"ஓ, அவரா... விழுந்துது அண்ணி. ஆசையாக் கேக்கறாரு, போட்டுக் குடுங்களேன். உருளைக்கிழங்கு என்ன தங்கமா?"

அவன் பேசியதைவிட இவள் பேசாதது நெனித்தாவுக்குப் பெரிய சேதியாக இருந்தது.

அடோபோவில் கிழங்கும் முட்டையும் யாருக்காகப் போடுவார்கள்? கொழுப்புக் கறியை மெல்லத் தெரியாமல் துப்புகிற வாண்டுகளுக்காகப் போடுவார்கள். குழம்பில் ஊறிய கிழங்கைச் சோற்றில் மசித்து, முட்டையைப் பிட்டு ஊட்டுவார்கள். அவளுடைய அக்காள் வீட்டில் அப்படித்தான். இந்த வீட்டில் அப்படி யாரும் இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது.

எட்டு மாதம் கடல், ரெண்டு மாதம் வீடு என்றுதான் முதலில் இருந்தது. கொஞ்ச காலமாக எட்டு பத்தாகிவிட்டது. கேட்டால், ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்கள் என்பான். திரும்பி வருகிறபோது முன்போல உடம்பு கருத்தும் இருப்பதில்லை. எஞ்சின் அறையில் வெயில் ஏது என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். முன்பும் அதே எஞ்சின் அறைதானே என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. தன் வீட்டுக் கூரையைத் தானே பிரித்துப் பார்க்க யாருக்குத்தான் ஆசை?

கையைத் துடைத்துக்கொண்டு அறை வாசலில் போய் நின்றாள். கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்க்கலாம் என்றிருந்தது. அவனுக்கா தனக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இந்தத் தடவையும் பிரேசில்தானா?"

"ஆமா, சாந்தோஸ் துறைமுகம்."

"எப்ப கப்பல்ல ஏறுவே?"

"இன்னிக்கு மணிலா. நாளைக்கு ராத்திரி பிளேன். அப்புறம் ரெண்டு நாள் ஆயிடும்."

"அதுவரைக்கும் கிழங்கு தாங்குமா?"

"ஏன் தாங்காது? மூடிதான் நல்லா இறுக்கமா இருக்கே!"

இப்படி ஒரு முட்டாளிடமா இத்தனை வருஷம் ஏமாந்தோம் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை முட்டியது. கெட்டிக்காரனிடம் ஏமாந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாகவாவது இருந்திருக்கும்.

அடுப்படிக்குத் திரும்பிச் சட்டியில் கறியைப் போட்டுக் காடியை ஊற்றினாள். காடி ஊற்றினால் அது கொதித்து அடங்கும்வரை கரண்டி போடக்கூடாது, மூடவும் கூடாது. கிளறிவிட்டால் பச்சை வாடை கறியிலேயே தங்கிவிடும், பிறகு எந்தச் சாமி வந்தாலும் போக்க முடியாது. நெனித்தா கரண்டியைக் கையில் எடுத்தாள். ஒரு சுற்று சுற்றினால் போதும். தொண்டையைச் சொறியும் அடோபோவைத் தின்றுவிட்டு, எவளோ ஒருத்தி முகத்தைச் சுளிப்பாள்.

"அண்ணி" என்றாள் பாசிங் மெதுவாக.

"கிளறலை. பயப்படாதே. சமையல் என்னடி பாவம் பண்ணிச்சு?"

கரண்டியைக் கீழே வைத்தாள். கோபம் வந்தால்கூடச் சமையலைக் கெடுக்கத் தெரியவில்லையே என்று தன்மீதே எரிச்சலாக வந்தது. காடியின் நெடி கண்ணைக் கரித்தது. அழுவதற்கு அது வசதியாகப் போயிற்று.

கொதி அடங்கியதும் சோயாவை ஊற்றினாள். கிழங்கைச் சிறிய சிறிய துண்டாக, பிள்ளை வாய்க்கு அடங்கும் அளவில் நறுக்கிப் பொரித்தாள். கை தானாகவே அந்த அளவில் நறுக்கியது. ஒபாண்டோவில் சாந்தா கிளாரா திருவிழாவில் பிள்ளை வரம் கேட்டு மே மாத வெயிலில் அவனோடு தெருவெல்லாம் ஆடிப் போனது ஞாபகம் வந்தது. செருப்பு அறுந்து, வெறுங்காலோடு ஆடினாள். ருஃபீனோ அவளைவிட உற்சாகமாக ஆடினான். கூட்டத்தில் ஒரு கிழவர் அவன் தோளைத் தட்டி, "இந்த ஆட்டத்துக்கு இரட்டைப் பிள்ளையே பொறக்கும்டா" என்றார். அன்று ராத்திரி முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பத்து மணிக்கு டிரைசிக்கிள் வாசலில் வந்து நின்றது. ருஃபீனோ பையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வழக்கம்போல அவள் நெற்றியில் முத்தமிட வந்தான். நெனித்தா துணியில் சுற்றிய பெரிய டப்பாவை நடுவில் நீட்டினாள். இன்னும் சூடாக இருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள குடுத்துடச் சொல்லு. மிச்சம் இருந்தா ஒரு தடவை நல்லாச் சுட வெச்சுக் குடுக்கணும். கிழங்கு புளிச்சுடும், பிள்ளை வயித்துக்கு ஆகாது."

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். எந்தப் பிள்ளை, உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு என்று அவன் கத்தவேண்டும். கத்தினால் நம்பிவிடுவாள். சத்தியமாக நம்பிவிடுவாள். காலையிலிருந்து நினைத்ததையெல்லாம் தன் புத்திக் கோளாறு என்று சொல்லி, அவன் காலில்கூட விழுந்திருப்பாள்.

"அவன் எங்க சாயங்காலம் வரைக்கும் விட்டு வைக்கப் போறான்?" என்றான் ருஃபீனோ.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. சொல்லும்போது சிரித்தான் வேறு. பிள்ளையின் தீனியைப் பற்றிப் பேசும் தகப்பன்களுக்கெல்லாம் வருமே, பெருமையும் செல்லமும் கலந்த சிரிப்பு. அந்தச் சிரிப்பை நெனித்தா அவன் முகத்தில் அதுவரை பார்த்ததே இல்லை. அது அவனுக்கு நன்றாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்தது. "நெனித்தா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன்... சமயம் பார்த்து..."

"சாந்தா கிளாரா உனக்கு மட்டும் கண்ணைத் திறந்திருக்கா. நல்லா ஆடினேல்ல, அதான்."

"கொஞ்சம் நான் சொல்றதைக் கேளு..."

"வண்டிக்காரன் காத்துக்கிட்டிருக்கான். போ. கப்பல் போயிடும்."

வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். ருஃபீனோ பையை எடுத்துத் தோளில் மாட்டினான். பிறகு டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். சிந்தாமல் இருக்க அடியில் கைகொடுத்து, பத்திரமாக வாங்கிக்கொண்டான். மானம் இருக்கிறவன் அதையாவது வைத்துவிட்டுப் போயிருப்பான். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நெனித்தா உள்ளே வந்தாள். பாசிங் அதே முக்காலியில், பூண்டுத் தோலைக் கையால் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். குவித்ததைக் கலைத்து மறுபடி குவித்தாள்.

"எவ்வளவு நாளாத் தெரியும் உனக்கு?"

"அண்ணி, அண்ணன்தான் சத்தியம் வாங்கிட்டாரு. நான் எத்தனையோ தடவை சொன்னேன், அண்ணிகிட்ட சொல்லிடுன்னு..."

"நீ பார்த்திருக்கியா அவனை?"

பார்த்திருக்கிறாள், தூக்கிக் கொஞ்சியிருக்கிறாள் என்பது பாசிங்கின் முகத்திலேயே இருந்தது. அத்தைக்காரி அல்லவா. இந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, பஸ் ஏறிப் போய்க் கொஞ்சிவிட்டு வந்திருக்கிறாள்.

நெனித்தா அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். திட்டுவதற்கு எத்தனையோ இருந்தன. அவளுக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

"பேர் என்ன வெச்சிருக்காங்க?"

"வேணாம் அண்ணி. அது எதுக்கு உங்களுக்கு?"

"பேரைக் கேட்டேன்."

பாசிங் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஜூனியர்."

தகப்பன் பேரையே மூத்த மகனுக்கு வைத்து, ஜூனியர் என்று கூப்பிடுவதுதான் அந்த ஊர் வழக்கம். பதினோரு வருஷமாக நெனித்தா தன் பிள்ளைக்கென்று வேறு பேரே யோசித்ததில்லை.