அடி வாங்காத இருவர்

ஈப்போவில் சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸ் நிலையத்துக்கு அழைத்துப்போகும் வேனை ஓட்டுவது கஸ்பாரின் வேலை. ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டியலில் புதிதாக ஒரு பெயர் இருந்தது: அர்ச்சுனன், ஜெலாப்பாங், நான்காவது மாடி. அந்தப் பெயரில் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டுதான் போனான். மனைவியின் தோளைப் பிடித்தபடி படியிறங்கி வந்தது அவனேதான். உடம்பு கரைந்து போயிருந்தது. ஆனாலும் தலையைச் சாய்த்து நிற்கும் விதம் மாறவில்லை.

"நீயா ஓட்டுற?" என்றான் அர்ச்சுனன். ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டான்.

சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் இருவரும். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் பேராக் மாநிலக் குத்துச்சண்டையில், ஐம்பத்தொரு கிலோ பிரிவில், இவர்கள் பெயர்தான் அடிபட்டது. அடிப்பதற்காக அல்ல, அடி வாங்காமல் இருப்பதற்காக. கஸ்பாருக்குக் கால்தான் பலம். குத்து வந்து சேரும்போது அவன் அந்த இடத்தில் இருக்கமாட்டான். அர்ச்சுனனோ நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டான். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இடுப்பை லேசாக வளைத்து, முகத்தை ஒரு விரற்கடை ஒதுக்குவான். குத்து காதோரம் காற்றாய்ப் போகும். அதைப் பார்ப்பதற்கென்றே தோட்டத்து ஆட்கள் லாரி பிடித்து ஈப்போவுக்கு வருவார்கள்.

தேசியப் பயிற்சி முகாமுக்கு ஒருவரைத்தான் எடுப்பதாகச் சொல்லி, இருவரையும் மோதவிட்டார்கள். மூன்று சுற்று. கடைசிச் சுற்று பாதி முடிந்தும் ஒருவர்மேல் ஒருவர் சுத்தமாக ஒரு குத்துகூட வைக்கவில்லை. கூட்டம் ஊளையிட்டது. அப்போது அர்ச்சுனனின் தலைக்கவச வார் அவிழ்ந்து, கவசம் சரிந்து கண்ணை மறைத்தது. அவன் கையை உயர்த்தி நடுவர் பக்கம் திரும்பினான். நடுவர் நிறுத்தச் சொல்லவில்லை. கஸ்பார் குத்தினான்.

அந்த ஒரு புள்ளியில் ஜெயித்தான். விதிப்படி தப்பில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். முகாமில் மூன்று மாதம் இருந்தான். ஓடுகிறவன் வேண்டாம், அடிக்கிறவன்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அர்ச்சுனன் அதற்குப் பிறகு கையுறை மாட்டவே இல்லை.

வாரம் மூன்று நாள் வேனில் இருவரும் பேசினார்கள். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்ததைப் பற்றி, ஜொகூரில் இருக்கும் அர்ச்சுனனின் மகள் சாந்தினியைப் பற்றி. அந்தச் சண்டையை மட்டும் இருவருமே தொடவில்லை. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, மற்ற நோயாளிகள் இறங்கியபின், சாலை விளக்கில் வண்டி நின்றபோது கஸ்பாரே வாயைத் திறந்தான்.

"மச்சான், அன்னிக்கு நான் குத்தியிருக்கக் கூடாது."

"ரெஃப்ரி ஸ்டாப் சொல்லலையே. நானா இருந்தாலும் குத்தியிருப்பேன்லா."

கஸ்பாருக்குப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அர்ச்சுனன் வெளியே பார்த்தபடியே தொடர்ந்தான்.

"என் கல்யாணப் பத்திரிகைய எடுத்துக்கிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ வேலைக்குப் போயிட்டேன்னு எல்ஸி சொன்னிச்சு. உன் சப்பாத்து வாசல்ல கெடந்துச்சு."

விளக்கு பச்சையானது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். மனைவி எல்ஸியை அப்படிச் சொல்லச் சொல்லிவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது கஸ்பாருக்கு நினைவு வந்தது.

"நான் சண்ட போட வரல மச்சான். எங்கம்மா செத்தப்பகூட ஆள் அனுப்பினேன். அந்த அடி ஒரு வாரத்துல ஆறிருச்சு. நீ வராததுதான் ஆறல."

ஜெலாப்பாங் வந்ததும் கஸ்பார் அவனைக் கைத்தாங்கலாக நாலு மாடி ஏற்றிவிட்டான். கதவைத் திறந்த அர்ச்சுனனின் மனைவி மாரியம்மா, "உள்ள வாங்கண்ணே, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போலாம்" என்றாள்.

"இல்லம்மா, இன்னொரு ஆளக் கொண்டுபோய் விடணும்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. கீழே வந்து வேனில் உட்கார்ந்தான். அன்றைய பட்டியலில் அர்ச்சுனன்தான் கடைசி. சாவியைத் திருகாமல் வெகுநேரம் இருந்தான். பிறகு கதவைச் சாத்திவிட்டு மறுபடி படியேறினான்.

"படுத்தவொடனே தூங்கிட்டாருண்ணே" என்றாள் மாரியம்மா. ஊசி குத்திய கை வீங்கி, வாய் சற்றே திறந்து, அர்ச்சுனன் சோபாவில் கிடந்தான். கஸ்பார் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து அவள் தந்த தேநீரைக் குடித்தான். அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். எழுப்ப மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வேனில் ஏறியதும் அர்ச்சுனன் கேட்டான்.

"மறுபடி மேல வந்தியாமே?"

"வந்தேன்."

"எழுப்பியிருக்கலாம்லா."