அசையாத ஊசி

தேயிலைக் கொழுந்து வாட்டும் மாடியில் மூன்றாவது தொட்டியின் காத்தாடி காலை ஒன்பதரைக்கு நின்றது. பத்து மணிக்கெல்லாம் தொட்டியில் கிடந்த கொழுந்து சூடேறிப் புளித்த வாடை கிளப்பியது. செல்வலட்சுமி கையை விட்டுக் கிளறினாள். அடியில் காய்ச்சல்காரன் உடம்பு மாதிரிச் சுட்டது.

"எந்தா பெரியமுத்து, இன்னும் ஆயில்லையா? இந்தக் கொழுந்து கேடாச்சுன்னா நான்தான் மேலே சமாதானம் சொல்லணும்," என்று ஃபாக்டரி அதிகாரி ஜிபி படிக்கட்டில் நின்றபடியே கத்தினார்.

"இப்ப முடிஞ்சிரும் சார்."

பெரியமுத்து செல்வலட்சுமியின் புருஷன். ஃபாக்டரியில் கரண்ட் வேலை பார்க்கிறவன். ஏணியைத் தூக்கிச் சுவரில் சாத்தினான். கோளாறு காத்தாடியில் இல்லை, அதற்கு மேலே சுவரில் இருக்கும் இணைப்புப் பெட்டியில். காத்தாடியின் பொத்தானை அமுக்கினால் காத்தாடிதான் நிற்கும், பெட்டிக்கு வரும் கரண்ட் நிற்காது. அதை நிறுத்த முற்றம் தாண்டிச் சுவிட்ச் அறைக்குப் போக வேண்டும். அங்கே ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு ஏறுவான். கட்டை தன் பையில் இருந்தால் வேறெவனும் கரண்டைப் போட முடியாதல்லவா?

இன்றைக்கு அவன் பை தட்டையாக இருந்தது.

"கட்டையப் பிடுங்கலையா நீங்க?"

"இந்த மழையில அம்புட்டுத் தூரம் எவன் எறங்குவான்? பெட்டிக்கே கரண்ட் வரல. ஊசிதான் சொல்லுதுல்ல."

கழுத்துக் கயிற்றில் தொங்கிய திசைகாட்டியை எடுத்து, பெட்டிக்குப் போகும் வயரின் மேல் வைத்துக் காட்டினான். ஊசி ஏலப்பாறை ரோட்டுப் பக்கம், வடக்கே பார்த்து அசையாமல் கிடந்தது.

அந்த வித்தையை அவன் கற்றது போடிமெட்டு ரோட்டில் ஒரு ரிசார்ட்டில். சோலார் மாட்ட வந்த ஜோஜோ விளையாட்டாகக் காட்டியது. பாட்டரி வயரின் மேல் திசைகாட்டியை வைத்து விளக்கைப் போட்டால் ஊசி வெடுக்கென்று திரும்பி வயருக்குக் குறுக்கே நிற்கும். அணைத்தால் வடக்குக்கே போய்விடும். கரண்ட் ஓடும் வயரைச் சுற்றிலும் காந்தம் எழும்பும், ஊசி அதற்குத் தலைவணங்கும் என்று ஜோஜோ சொன்னான். சொல்லாமல் விட்டது ஒன்று. பாட்டரி கரண்ட் ஒரே பக்கமாகப் போவது. ஃபாக்டரிக் கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை போய்ப் போய்த் திரும்புவது. இந்தப் பக்கம் தள்ளி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் இழுக்கும். ஊசிக்குத் திரும்ப நேரமே கிடைக்காது.

ஏழு மாதமாகக் கட்டையைப் பிடுங்கிவிட்டு வந்தே ஊசியை வைத்துப் பார்த்திருக்கிறான். ஊசி அசையவில்லை, கரண்டும் இல்லை. ஏழு மாதமும் ஊசி சொன்னது சரியாகவே இருந்தது. அதனால்தான் இன்றைக்குக் கட்டை வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

"டெஸ்டர் வச்சு ஒருக்காப் பாருங்களேன்."

"அது பல்பு போயி மூணு நாளாச்சு. நீ இதப் பிடி. மேல போனா இடிக்கும்." திசைகாட்டியை அவள் கையில் திணித்துவிட்டு ஏறினான். "மூஞ்சியப் பாரு, தாலிய அடகு வைக்கப் போற மாதிரி."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் நான்காவது தொட்டியின் காத்தாடி இரைந்துகொண்டிருந்தது. அதன் வயர் முழங்கால் உயரத்தில் சுவரோடு போனது. ஓடுகிற காத்தாடியாயிற்றே, இங்கே ஊசி எப்படித் திரும்பும் என்று பார்க்கத்தான் போனாள். வயரின் மேல் வைத்தாள். ஊசி வடக்கே கிடந்தது. வயருக்குக் கீழே பிடித்தாள். ஏலப்பாறை ரோட்டையே பார்த்தது. காத்தாடி அவள் சேலைத் தலைப்பைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரிச் சுற்றுகிறது, ஊசிக்கு அது தெரியவே இல்லை.

ஏணிப் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க! தொடாதீங்க! ஏங்க!"

இரைச்சலில் அவன் காதில் விழவில்லை. பெட்டி மூடியைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, வெறுங்கையை உள்ளே நீட்டினான். செல்வலட்சுமி திசைகாட்டியை மடியில் செருகிக்கொண்டு ஓடிப்போய் ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

ஏணியோடு சரிந்து அவன் சிமெண்டுத் தரையில் விழுந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"சண்டாளி! செத்த கம்பிடி அது! பைத்தியம் பிடிச்சிருச்சா ஒனக்கு..."

ஜிபி படியேறி வந்தார். "எந்தா செல்வலட்சுமி, ஆளைக் கொல்லப் பார்த்தியா?"

அவள் மடியிலிருந்து திசைகாட்டியை எடுத்தாள். புருஷன் கண்ணுக்கு நேரே, ஓடுகிற காத்தாடியின் வயர் மேல் அதை வைத்துப் பிடித்தாள். அவன் வாயிலிருந்த அடுத்த கெட்ட வார்த்தை பாதியில் நின்றது. வலியை மறந்து ஊசியையே பார்த்தான். அது அசையக் காணோம்.

"காலைத் தூக்காதீங்க, ஜீப்பு வரட்டும்," என்றார் ஜிபி.

"ஜீப்பு கெடக்கு சார்." அவன் ஜிபியின் கையைப் பிடித்தான். "எங்கூட வேல பாக்குற பய ரிஞ்சு, இப்பப் பள்ளத்துப் பம்ப் ஹவுஸ்ல மோட்டார் வேல பாக்கான். நேத்து அவனுக்கும் இதே மாதிரி ஒரு ஊசி வாங்கிக் குடுத்தேன். கட்டைக்காக அலையாதடா, இதை நம்புன்னு நான்தான் சார் சொன்னேன்."

ஜிபி போனை எடுத்து அழுத்தினார். பள்ளத்தில் ரேஞ்ச் கிடையாதென்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். போனைப் பைக்குள் போட்டுவிட்டு மழையில் இறங்கி ஓடினார். அந்த மனிதர் ஓடி அவள் பார்த்ததே இல்லை.

"லட்சுமி, பம்பு ஓடுதா கேளு. ஓடுனா வேலைய முடிச்சிட்டான்னு அர்த்தம்."

"இந்த எரச்சல்ல என்னத்தக் கேக்க?"

"நிறுத்து. எல்லாத்தையும் நிறுத்து."

கொழுந்து எக்கேடோ கெடட்டும் என்று அவள் தொட்டி தொட்டியாகப் போய்ப் பொத்தானை அமுக்கினாள். காத்தாடிகள் ஒவ்வொன்றாக இரைச்சல் குறைந்து நின்றன. ஜன்னலைத் திறந்து பள்ளத்துப் பக்கம் காதைக் கொடுத்தாள்.

தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது.