பந்தி எண்

ஜாபேஸிடம் மனைவி டார்லின் காலையிலேயே சொல்லியிருந்தாள். "மிஷினுக்குப் புதுக் கட்டை வாங்கிருங்க அத்தான். எங்கப்பா எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்காவ."

ஜாபேஸ் வாங்கவில்லை. ரேடியோவில் ஓய்ந்த பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காய வைத்து மறுபடி போடுவது ஏரலில் அவன் வீட்டு வழக்கம். ஆறு கட்டைகளையும் மாடியில் காய வைத்து மீட்டரில் பார்த்தான். முள் நன்றாகவே ஏறியது. வேலை வாங்காமல் அளந்தால் பேட்டரி ஏமாற்றும் என்று பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவனும் அவன்தான்.

அன்று பாளையங்கோட்டையில் மாமனார் ஞானையாவின் சபைக் கோயிலில் ஊர் கூடி உண்ணும் அசன விருந்து. வருகிறவர்களுக்கெல்லாம் பந்தி எண் போட்ட சீட்டு. எந்த எண்ணுக்குப் பந்தி என்பதை வாசலில் சிவப்பு விளக்கில் காட்ட ஜாபேஸ் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் பலகை செய்திருந்தான்; கரண்ட் போனால் ஓட அதில் அந்த ஆறு கட்டைகள். கரண்ட் போனாலும் என் மருமகன் மிஷின் நிற்காது என்று ஞானையா ஆராதனை முடிவில் மைக்கிலேயே சொல்லிவிட்டார்.

நாலாம் பந்தியில் கரண்ட் போயிற்று. பலகை அணையவில்லை. ஞானையா திரும்பி மருமகனைப் பார்த்துச் சிரித்தார். ஐந்துக்கு மாற்ற ஜாபேஸ் பட்டனை அழுத்தினான். ஐந்து மங்கியது, துடித்தது. பலகை எல்லாம் மறந்து ஒன்றைக் காட்டியது. மறுபடி அழுத்தினான். இரண்டு என்று எரியப் பார்த்து மீண்டும் ஒன்றுக்கே திரும்பியது. இரண்டே விளக்குக் கோடுள்ள அந்த ஒன்றைத்தான் கட்டைகளால் தாங்க முடிந்தது.

வாசலில் நெருக்கடி. "ஒண்ணாம் நம்பர்காரன் தின்னுட்டு வீட்டுல படுத்திருப்பான். அவன எழுப்பிக் கூட்டிட்டு வரணுமா வே?" என்றார் தேவசகாயம், ஞானையாவோடு கமிட்டியில் இருப்பவர். கூட்டம் சிரித்தது.

"மிஷின்ல ஒண்ணுமில்ல வே. கட்டை நாந்தான் வாங்குனேன். கடைக்காரன் பழச தந்துட்டான் போல," என்றார் ஞானையா. பிறகு நாற்காலியில் ஏறி நின்று எண்களைக் கூவத் தொடங்கினார். இரண்டு பந்திக்குள் தொண்டை கட்டிவிட்டது.

ஜாபேஸ் பக்கத்திலேயே நின்றான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

கடைசிப் பந்தியில் அவனும் தேவசகாயமும் அடுத்தடுத்து உட்கார நேர்ந்தது. சோற்று வாளியோடு வந்த ஞானையாவிடம் தேவசகாயம் சொன்னார்: "கட்டை பாத்து வாங்கத் தெரியாத ஆளைக் கமிட்டியில வச்சிருக்கோமே."

"மாமா வாங்கல," என்றான் ஜாபேஸ். "பழச நாந்தான் காய வச்சுப் போட்டேன்."

தேவசகாயம் அவனைப் பார்க்கவில்லை. ஞானையாவைப் பார்த்தார். விளையாட்டுக் குரல் போய்விட்டிருந்தது.

"அப்பம், கோயில் வாசல்ல நின்னு பொய்யா சொன்னீரு?"

பந்தியே கேட்டிருந்தது. ஞானையா குனிந்து மருமகன் இலையில் சோறு வைத்தார். இன்னொரு கரண்டி வைத்தார். போதும் என்று கையை நீட்டி மறிக்க அவனால் முடியவில்லை. சோறு குவிந்துகொண்டே போயிற்று.