டார்லீன் கொடுத்த ஹிட்

"கண்ணு தெரியலேன்னா அந்த நாற்காலியில ஏண்டி போய் உட்கார்றே?" என்று சனிக்கிழமை காலை பெக்கி ஸ்ட்ராண்ட் கத்தியபோது அவள் தலையில் பாதிதான் சுருட்டை உருளைகள் ஏறியிருந்தன. மீதி ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சதாலதான் ஹிட்னு சொன்னேன். தலையை ஆட்டாதே" என்றாள் டார்லீன் கோவாக்.

நான் பக்கத்தில் முடி உலர்த்தும் இயந்திரத்துக்கு அடியில் இருந்தேன். அதன் இரைச்சலில் ஒரு வார்த்தையும் தவறிவிடக் கூடாதென்று நானே அதை அணைத்துவிட்டேன். முடி எப்போது வேண்டுமானாலும் காயும்.

டார்லீன் எங்கள் தெருவில் அழகு நிலையம் நடத்துகிறவள். ஆட்ட நாட்களில் ஊர் பேஸ்பால் அணியின் அதிகாரபூர்வ ஸ்கோரர். ஓஹையோவில் எங்களைப் போன்ற சின்ன ஊர்களில் லீக் அந்த வேலைக்கு உள்ளூர்க்காரரைத்தான் அமர்த்தும். பந்து தடுப்பவரைத் தாண்டிப் போனால், அது மட்டைக்காரன் சம்பாதித்த ஹிட்டா, தடுப்பவர் கோட்டைவிட்ட எரரா என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை பெக்கியின் மகன் வெண்டல், எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் கடைசி இன்னிங்ஸ் வரை எறிந்துவந்தான். எங்கள் ஊரில் பந்தெறிகிற எந்தப் பிட்சரும் செய்யாத காரியம். பெரிய லீக்குக்கு ஆள் பொறுக்குகிறவர் வேறு வந்திருந்தார். ஒரே ஒருவனை வெளியேற்றினால் போதும். அவன் அடித்த பந்து தரையோடு சீறிப்போக, ஷார்ட்ஸ்டாப் இடத்தில் பந்து தடுக்க நின்ற ட்ராய் குறுக்கே பாய்ந்தான். கையுறை நுனியில் உரசிக்கொண்டு பந்து ஓடிவிட்டது. டார்லீன் ஹிட் என்றாள். வெண்டலின் சாதனை அதோடு போயிற்று.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ட்ராய், டார்லீனின் மகள் ஜனீனுக்கு மோதிரம் போட்டவன். சீசன் முழுக்க ஓர் எரரும் செய்யாதவன். ஞாயிறு ஆட்டத்தையும் அப்படியே முடித்தால் லீக் சாதனை அவனுடையது.

வரப்போகும் மருமகனைக் காப்பாற்ற என் பிள்ளையைப் பலி கொடுத்தாய் என்றாள் பெக்கி. பாதித் தலையோடு எழுந்து தெருவில் நடந்தே போனாள். அன்று மாலைக்குள் டார்லீனின் வாடிக்கையாளர்கள் காணாமல் போனார்கள். ஊரில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. நான் எல்லாவற்றையும் எல்லா வீட்டுக்கும் கொண்டுசேர்த்தேன்.

ஞாயிறு ஆட்டம் தொடங்கும்வரை ஸ்கோரர் தீர்ப்பை மாற்றலாம். அதனால் சனி மாலை ட்ராய் டார்லீனைத் தேடிக் கடைக்கு வந்தான். எரரைத் தன் மேல் போட்டுக்கொள்ளப் போவதாக மதுக்கடையில் முதலில் அறிவித்து, நாலு பேர் வாங்கிக்கொடுத்த பீரைக் குடித்துவிட்டுத்தான் வந்தான்.

"என் பேர்லயே எரர் போடுங்க, மிஸஸ் கோவாக். ஊர் வாய் அடங்கட்டும்."

"நீ கேட்டா அது எரர் ஆயிடுமா? அந்தப் பந்தை எவனாலயும் பிடிச்சிருக்க முடியாது. கடையை இழுத்து மூடினாலும் மூடுவேன், மாத்த மாட்டேன்."

ஞாயிறன்று அவள் மேலே இருக்கும் ஸ்கோரர் மாடத்துக்குப் படியேறியபோது மைதானமே ஊளையிட்டது. அவள் கடுகு சாஸ் வழிய ஹாட் டாக் தின்றுகொண்டே போய் உட்கார்ந்தாள். தீர்ப்பு மாறவில்லை. நாலாவது இன்னிங்ஸில் ஒரு சோம்பல் பந்து உருண்டு வந்து ட்ராயின் கால்களுக்கு நடுவே போயிற்று. எல்லாத் தலைகளும் மேலே திரும்பின. பந்து நிற்பதற்குள் ஸ்கோர் பலகையில் எரர் விளக்கு எரிந்தது. ஊளை அடங்கிவிட்டது.

இரவு ட்ராய் அவள் வாசலில் நின்று, குடும்பம் என்று ஒன்று இல்லையா எனக் குதித்தான். பக்கத்து வீட்டுக் கொடியில் அப்போதுதான் துணி உலர்த்தப் போன எனக்கு எல்லாம் கேட்டது. பதில் சொன்னது ஜனீன்.

"நேத்து நீயேதானே எரர் போடச் சொல்லிக் கெஞ்சினே? செய்யாததை வாங்கிக்க முடிஞ்சுது, செஞ்சதை வாங்கிக்க முடியலியா?"

மோதிரம் புல்வெளியில் விழுந்தது. அவன் டார்ச் அடித்துத் தேடி எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் வெண்டல், அம்மா தடுத்தும் கேளாமல், பெண்கள் மட்டும் போகிற அந்தக் கடைக்குள் நுழைந்து முடி வெட்டச் சொன்னான். அது ஹிட்தான், எறிந்த எனக்குத் தெரியாதா என்றானாம். வெட்டியது கடையில் அம்மாவுக்கு உதவுகிற ஜனீன், மூன்று வாரத்தில் நான்கு தடவை வெட்டிக்கொண்டான். அவன் தலையில் அவ்வளவு முடி கிடையாது.

பெரிய லீக்குக்காரருக்கு அவன் எறிந்த வேகம் பிடித்துப்போய் அரிசோனாவில் இருக்கும் தன் அணிக்குக் கூப்பிட்டார். வசந்தத்தில் அவனும் ஜனீனும் கல்யாணம் முடித்து அங்கே குடிபோனார்கள். தேவாலயத்தில் சம்பந்திகள் முன்வரிசையில் அருகருகே உட்கார்ந்து, பாட்டு ஆரம்பிக்கும்வரை அது எரர், அது ஹிட் என்று சண்டை போட்டார்கள். ட்ராய் இந்தியானாவில் டயர் விற்கிறான், இன்னும் கல்யாணமாகவில்லை.