தெற்கூர்க் காப்பும் வியாழக்கிழமை டீச்சரும்

எங்கள் வட்டாரத்தில் மூன்று சின்னப் பள்ளிக்கூடங்களுக்கும் சேர்த்துப் பேச்சுப் பயிற்சி டீச்சர் ஒரே ஆள்தான். பெயர் சினேகா. செவ்வாய் தெற்கூருக்கு, வியாழன் எனக்கு. எனக்கு என்றால், நான் தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளியின் ஒன்றாம் வகுப்புத் தீபலட்சுமிக்கு. ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசாத பிள்ளை. ஒரு வாரம் பயிற்சி தவறினால் அந்த ஒற்றைச் சொல்லும் நின்றுவிடும். பொங்கல் லீவில் பார்த்துவிட்டேன்.

அந்தச் செவ்வாய் தெற்கூர் அம்மனுக்குக் காப்புக் கட்டு. அந்த ஊர்த் தலைமையாசிரியர் ஈஸ்வரன், பிரசாதம் வாங்கிக்கொண்டு போகலாம் என்று சினேகாவைச் சாயங்காலம் வரை நிறுத்திவைத்திருக்கிறார். காப்புக் கட்டி முடிந்ததும், ஊருக்குள் இருந்தவர்கள் எட்டு நாளைக்கு எல்லை தாண்டக் கூடாது என்றாராம். சினேகா காரைக்குடியில் விடுதியில் இருக்கும் பெண்; பயந்துபோய் அந்த ஊர்ச் சத்துணவு அமைப்பாளர் வீட்டிலேயே தங்கிவிட்டாள். எட்டு நாளும் தெற்கூருக்கே பயிற்சி! மனுஷன் மூளையைப் பாருங்கள்.

வியாழன் காலை ஸ்கூட்டரை நேராக அவர் பள்ளி வாசலில் நிறுத்தினேன்.

"சாமி குத்தம் ஆகிரும் டீச்சர்" என்று இழுத்தார்.

"யார்ட்ட சார் கதை விடுறீக? நானும் இந்த ஊர்ல பொறந்தவதான். வெளியூர்ல ராத்தங்கக் கூடாது, அம்புட்டுத்தான். பகல்ல சந்தைக்குப் போறவுகள மறிச்சீகளா?"

அவர் முகம் சுருங்கியது. "எங்கிட்டயும் நாலு பிள்ளைக இருக்கு டீச்சர். வாரத்துக்கு ஒருநா பத்தல."

அது உண்மை. அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் கூடியது. பொழுதடைவதற்குள் கொண்டுவந்து விடுவதாக அம்மன் மேல் சத்தியம் செய்துவிட்டுச் சினேகாவை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது தீபலட்சுமி ஓடிவந்து சினேகாவின் துப்பட்டாவைப் பிடித்தாள்.

"டீச்சர்... இங்கயே... இருங்க."

மூன்று சொல்! சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் சத்தியம் செய்திருக்கிறேனே, என்ன செய்ய? பிள்ளையின் அம்மா பொன்னுத்தாயிக்குப் போன் போட்டேன்.

"ஒம் மகள காப்பு அவுக்குற வரைக்கும் தெற்கூர்ல எங்க அண்ணன் வீட்டுல வச்சுக்கிறேன். ஈஸ்வரன் சார் பள்ளிக்கூடத்துலயே உக்காரட்டும்."

"எதுக்கு டீச்சர்?"

போனைத் தீபலட்சுமியிடம் கொடுத்து, "நீயே சொல்லு" என்றேன்.

"அம்மா... நான்... டீச்சரோட... போறேன்."

அந்தப் பக்கம் பொன்னுத்தாயி, "இன்னொருக்கச் சொல்லு தாயி" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.