பத்தாவது ஆள்

பழைய ஏற்பாட்டில் தமிழ்க் கிறிஸ்தவரான எமிலுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. இதை அவரே சொல்லுவார். பாபகூரா என்ற ஊரில் அவருடைய வேலியோரம் அகப்பட்ட எவரும் ஆபிரகாமிலிருந்து தாவீதுவரை கேட்காமல் தப்பியதில்லை. எதிர்வீட்டுக் கெவின் பாவம், ஆறு வருடமாகப் புல் வெட்ட வெளியே வரும்போதெல்லாம் யூதர்களைப் பற்றி எமிலிடம் வகுப்புக் கேட்டான்.

பக்கத்து வீட்டு வைன்பெர்க் கிழவரை அடக்கம் செய்த அன்று பின்னேரம் எமில் கோட்டு மாட்டிக்கொண்டு அங்கே போனார். கிழவருக்காக மகன் டேனியல் கதீஷ் என்ற செபத்தைச் சொல்லவேண்டும். அதற்குப் பத்து யூத ஆண்கள் கூடவேண்டும். காலையில் கல்லறையில் பத்துப் பேர் இருந்ததால் அங்கே சொல்லியாயிற்று; பின்னேரம் வீட்டிலும் சொல்லவேண்டும். இப்போது ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட, நகரத்திலிருந்து எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். டேனியலோடு ஒன்பது.

"நானிருக்கிறேன்" என்று எமில் முன்னால் போய் நின்றார்.

கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் மரியாதையாக மறுத்தார். நூற்றைம்பது சங்கீதமும் மனப்பாடம் என்றார் எமில். பெரியவர் இன்னும் மரியாதையாக மறுத்தார். ஒன்றுமே தெரியாத யூதன் ஒருவன் வந்தால் போதுமாம். எமிலுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

கிழவரின் மனைவி மிரியம், துக்க வீட்டு வழக்கப்படி, தாழ்ந்த ஸ்டூலில் இருந்தார். "போரில் செத்த என் கணவருடைய அப்பாவுக்கு இதைச் சொல்லக் கல்லறைகூட இல்லை. இவருக்காவது முதல் நாளே வீட்டிலும் சொல்லவேண்டும் என்றிருந்தேன்" என்றார்.  எமில் வீட்டுக்கு ஓடி, யூதப் பெயர் தேடி டெலிபோன் புத்தகத்தை விரித்தார்.

ஐசாக் என்று இருந்தவர் சமோவாப் போதகர். சாலமன் இராணுவ முகாமில் சமைக்கிற மாவோரிக்காரர். ஜேக்கப் கோட்டயத்துக்காரர். மூன்று பேரும் எமிலைத் தங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்கு வரச்சொன்னார்கள்.

"என்னப்பா, பெயரைப் பார்த்தே யூதர் எண்டு முடிவெடுத்திட்டீங்களோ?" என்றாள் மனைவி அன்ரனீற்றா. "அப்ப உங்கட பெயருக்கு நீங்கள் பிரெஞ்சுக்காரன்!"

எமில் தெருவுக்கு வந்தார். கெவின் புல் வெட்டிக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லாததால் அவனிடமே சொல்லி அழுதார். கெவின் மெஷினை நிறுத்தினான்.

"என் அம்மா யூதப் பெண்" என்றான். "நான் ஒரு செபமும் படித்ததில்லை. என்னைச் சேர்ப்பார்களா?"

 "ஆறு வருடமாக ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார் எமில்.

"நீங்கள் எப்போது நிறுத்தினீர்கள், நான் சொல்ல?"

கெவின் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அம்மா பெயரையும் ஊரையும் கேட்ட பெரியவர், தாய் யூதரானால் பிள்ளையும் யூதன்தான் என்று அவன் தலையில் ஒரு தொப்பியை வைத்துத் தோளைத் தட்டினார். மிரியம் அவனுடைய புல் ஒட்டிய சப்பாத்தைப் பார்த்து அழத் தொடங்கினார். எமில் யாருக்கும் தெரியாமல் குசினி வாசலுக்குப் பின்வாங்கினார்.

"எமில், இங்கேயே நில்லுங்கள்" என்றார் மிரியம். "ஆமென் சொல்ல யூதனாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு சொல் மட்டும்."

டேனியல் தொடங்கினான். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆமென் என்றான் கெவின், மற்றவர்களைப் பார்த்து அரைக்கணம் பிந்தி. ஆமென் என்றார் எமில். ஆயுளில் முதல்முறையாக அதோடு நிறுத்திக்கொண்டார்.